லைட் எரியுது... கியர் விழுந்துச்சா?

பைக் ஓட்டுற எல்லாருக்கும் ஒரு பச்சை லைட் மேல பெரிய நம்பிக்கை உண்டு. சிக்னல்ல நிக்கிறோம், மீட்டர்ல ‘என்’ எரியுது, கிளட்சை விடுறோம். அந்த லைட் பொய் சொல்லிருச்சுன்னா வண்டி துள்ளும், முன்னாடி நிக்கிற ஆட்டோ அண்ணன்கிட்ட இலவசமா நாலு வார்த்தை கிடைக்கும். அதோட முடிஞ்சது.

ஆனா ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? அந்த லைட்டுக்கு ‘நியூட்ரல்’னா என்னன்னே தெரியாது. கியர்பாக்ஸுக்குள்ள கியர் மாத்துற டிரம்மோட ஓரத்துல ஒரு குட்டித் தொடுபுள்ளி இருக்கும். டிரம் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வந்தா அது எர்த்தைத் தொடும், பல்பு எரியும். அவ்வளவுதான் அதோட உலகம். மிச்சத்தை எல்லாம் நாமளா நம்பிக்கிறோம்.

இதே கதை நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு ஜீப்பில, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்னு இருக்கிற மலைப்பாதையில, பின்னால ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்தா? அதைத்தான் போன டிசம்பர் லீவுல பெரும்பாறையில பார்த்தேன்.

பெரும்பாறை தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். பழனி மலையோட கீழ்ப்பகுதி, திண்டுக்கல் மாவட்டம். கொடைக்கானல் போறவங்க கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காது. சித்தரேவுல இருந்து மலை ஏறுற பாதை, மேல போனா தாண்டிக்குடி. காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, சவ்சவ். காபிக்காகவே தாண்டிக்குடியில காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. தார் ரோடு வரைக்கும் பஸ் வரும். அதுக்கு அப்புறம் தோட்டத்துக்குள்ள போகணும்னா ஜீப்தான். பழம் பறிக்கிற சீஸனும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி வந்து மோதுற நேரத்துல, ஒரு ஜீப் ரெண்டு நாள் படுத்துட்டா, பறிச்ச பழம் மூட்டையிலேயே புளிச்சுப்போகும். எங்க மாமா அந்த ஜீப் ஓட்டுறவர். காலையில ஆள் ஏத்துவார், சாயங்காலம் மூட்டை ஏத்துவார்.

முன்னாடி அவர்கிட்ட இருந்தது ஒரு பழைய டீசல் ஜீப். 1940-களோட கடைசியில மும்பையில மஹிந்திரா பாகம் பாகமா கொண்டுவந்து கோத்து ஆரம்பிச்ச வில்லிஸ் ஜீப்போட பேரப்பிள்ளை வகை. அதுல எலெக்ட்ரிக்னு சொன்னா ஆயில் பிரஷருக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு, ஹாரன், ஹெட்லைட். புகையோட கலரைப் பார்த்தே நோயைச் சொல்லிருவாங்க. இப்போ இருக்கிறது காமன் ரெயில் டீசல், ஈசியூ, கலர் கலரா லைட். கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க. மாமாவோட கம்ப்ளெயின்ட் ஒரே வரிதான்: “மாப்ள, பழைய வண்டி மக்கர் பண்ணா எங்கன்னு தெரியும். இது எதுக்கு மூஞ்சியைத் தூக்குதுன்னே தெரியல. சீஸன் முடிஞ்சதும் தள்ளிவிட்டுரலாம்னு இருக்கேன்.”

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். “இஞ்சினியருக்குத்தானே படிக்கிற, பாரேன்”னு சொன்னதுல பாதி கிண்டல், பாதி நிஜமான ஆசை.

முதல் பஞ்சாயத்து ஃபோர் வீல் லைட்டுல வந்தது. தோட்டத்துச் சேத்துல இருந்து தார் ரோட்டுக்கு ஏறினதும் சின்ன லிவரைப் பின்னால தள்ளி ‘டூ வீல்’ போட்டாச்சு. ஆனா டாஷ்போர்டுல ஃபோர் வீல் லைட் அணையவே இல்ல. கீழ டவுன்ல ஒரு ஒர்க்ஷாப்புல ஏற்கெனவே சொல்லியிருக்காங்க: “சுவிட்ச் போயிருச்சு. அதைப் பிடுங்கி விட்டுருங்க, வண்டி ஓடும்ல?”

அந்த சுவிட்சைக் கொஞ்சம் பக்கத்துல பார்க்கலாம். பெரிய கியர்பாக்ஸுக்குப் பின்னால ஒரு குட்டிப் பெட்டி இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் சக்கரத்துக்கும் பவர் போகணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற இடம். லிவரைத் தள்ளினா உள்ளே ஒரு இரும்பு ராடு நகரும், ராடோட இருக்கிற ஃபோர்க் ஒரு பல் வளையத்தைத் தள்ளி முன்பக்க ஷாஃப்டோட கோக்கும். பெட்டிக்கு வெளியில இருந்து மரை போட்டுத் திருகினது நம்ம சுவிட்ச். அதோட நுனியில ஸ்பிரிங் வெச்ச ஒரு சின்ன உருண்டை. ராடுல ஒரு பள்ளம். ராடு நகர்ந்தா உருண்டை பள்ளத்துல இருந்து மேட்டுக்கு ஏறும், உள்ளே ரெண்டு தகடு ஒட்டும், பல்புக்கு எர்த் கிடைக்கும், லைட் எரியும். ரிவர்ஸ் லைட்டுக்குப் பல வண்டிகள்ல இருக்கிறதும் இதே குடும்பத்து சுவிட்ச்தான். விலை சில நூறு ரூபாய். சாதாரணமா சாகிறது உள்ளே புகுற தண்ணியாலயும் சேத்தாலயும்தான்.

அப்போ லைட் அணையலைன்னா சந்தேகப்பட வேண்டியவங்க மூணு பேர். வயர் எங்கேயோ உரசி பாடியைத் தொட்டு அதுவா எர்த் ஆகியிருக்கலாம். சுவிட்சோட உருண்டை சிக்கியிருக்கலாம். இல்ல... லைட் உண்மையைத்தான் சொல்லுது, ராடு நிஜமாவே நகரல!

முதல் ஆளைப் பிடிக்க மீட்டர்கூட வேண்டாம். சுவிட்சுல இருக்கிற சாக்கெட்டைக் கழற்றினா போதும். கழற்றின பிறகும் லைட் எரிஞ்சா வயர்தான் குற்றவாளி. கழற்றினேன், அணைஞ்சது. வயர் விடுதலை. அடுத்து மாமாகிட்ட, “மாமா, ஸ்டியரிங்கை நேரா வெச்சு ஒரு பத்தடி ரிவர்ஸ் வாங்க”ன்னேன். “எதுக்குடா?”ன்னுகிட்டே வந்தார். கீழே இருந்து ‘டக்’னு ஒரு சத்தம். சாக்கெட்டைத் திரும்ப மாட்டினேன். லைட் எரியல!

இதுல மந்திரம் எதுவும் இல்ல. வளைவுல திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகும். ரெண்டையும் இந்த மாதிரி ஜீப்புல ஃபோர் வீல் போட்டா இரும்பு மாதிரி கட்டிப்போட்டுருவோம், நடுவுல வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் கிடையாது. சேறா இருந்தா டயர் வழுக்கிக் கணக்கைச் சரி பண்ணிக்கும். காஞ்ச தார் ரோட்டுல டயர் வழுக்காது. அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்ட்லயும் பல்லுலயும் போய் உட்கார்ந்துக்கும். நனைஞ்ச வேட்டியை ரெண்டு பேர் பிடிச்சு முறுக்கினா எப்படி இறுகும், அப்படி. லிவரை நீங்க இழுத்தாலும் இறுகின பல் வளையம் கழண்டு வராது. ரிவர்ஸ்ல வந்தா முறுக்கு அவிழும், வளையம் விடுபடும்.

அதாவது, அந்த சாயங்காலம் பொய் சொன்னது லிவர். லைட் அரிச்சந்திரன்! டவுன் ஒர்க்ஷாப் சொன்ன மாதிரி அதைப் பிடுங்கிப் போட்டிருந்தா, மாமா ‘டூ வீல்’னு நம்பிக்கிட்டு முறுக்கோடவே கொண்டை ஊசி வளைவு எல்லாம் சுத்தியிருப்பார். ஸ்டியரிங் கனமாகும், டயர் தேயும், ஒரு நாள் ஷாஃப்டோட ஜாயின்ட் உடையும்.

இதுக்கு நேர் எதிரான கதையும் உண்டு. லைட் எரியும், ஆனா முன் சக்கரம் இழுக்காது. பழைய ஜீப்புகள் சிலதுல முன் சக்கரத்து நடுவுல கையால திருகுற ஹப் இருக்கும். அதைத் திருகாம விட்டா, உள்ளே ஷாஃப்ட் சுத்தும், சக்கரம் சும்மா இருக்கும். லைட்டுக்கு என்ன தெரியும்? ராடு நகர்ந்துச்சு, அதைச் சொல்லிருச்சு. சேத்துல மாட்டினவன்தான் இறங்கிப்போய் சக்கரத்தைப் பார்க்கணும்.

ரெண்டாவது பிரச்னைக்குச் சிரிப்பு வரல.

நாலஞ்சு நாள் கழிச்சு, மழை விட்ட ஒரு மதியம். பின்னால தோட்டத்து அக்காமார் ஏழு பேர், கூடவே மூட்டைகள். செங்குத்தான ஒரு ஏத்தத்துல, வளைவோட நடுவுல, எந்த முன்னறிவிப்பும் இல்லாம இன்ஜின் நின்னுபோச்சு. திணறல்கூட இல்ல. ஃபேனை ஆஃப் பண்ண மாதிரி.

இன்ஜின் நின்னா போறது வேகம் மட்டும் இல்ல. பவர் ஸ்டியரிங் பம்ப்பை இன்ஜின்தான் சுத்துது, அது போச்சு. பிரேக்குக்கு உதவுற வேக்யூம் பம்ப்பும் அப்படியே. பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்யூம் ரெண்டு மூணு மிதிக்கு வரும், அதுக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி. மாமா செஞ்ச ஒரே நல்ல காரியம், கிளட்சை மிதிக்கல. கியர்ல இருந்தா நின்னுபோன இன்ஜினே சக்கரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். கூட வந்த பையன் குதிச்சுப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். அக்காமார் இறங்கி ஓரமா நின்னாங்க. ஒருத்தங்க, “இந்த வண்டியில இனிமே ஏற மாட்டேன்”னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. மாமா முகத்தை அப்போ பார்த்திருக்கணும். பணம் போறது ஒரு கவலை. ‘உன் வண்டியை நம்ப மாட்டேன்’னு ஒருத்தர் முகத்துக்கு நேரா சொல்றது வேற.

பத்து நிமிஷம் கழிச்சு சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது!

டவுன்ல ஸ்கேனர் போட்டாங்க. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் இருக்கிற ஒரு சாக்கெட் இருக்குமே, அதான் ஓபிடி. அமெரிக்காவுல 1996-ல எல்லா கார்களுக்கும் கட்டாயம் ஆனது. நம்ம ஊர்ல 2013-ல ஓபிடி-2 விதிகள் வந்தது. கோட் சொன்னது: பி 0335. “கிராங்க் சென்சார் போச்சு”ன்னு சொல்லிப் புது சென்சார் மாட்டிப் பில்லும் கொடுத்தாங்க. மூணாவது நாள், அதே ஏத்தம், அதே மாதிரி நின்னுச்சு.

இங்கேதான் கதையோட ஹீரோ வர்றார். பெரும்பாறையில தகரக் கொட்டகையில கடை வெச்சிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணன். முப்பது வருஷமா ஜீப் பிரிக்கிறவர். கோட் எல்லாம் அவருக்கு ஆகாது. ஆனா நான் புது சென்சார் கதையைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சென்சார் புதுசு தம்பி. வயர் பழசுதானே?”

செமஸ்டர் முழுக்க உட்கார்ந்தும் எனக்கு யாரும் இவ்வளவு நல்லா கேட்டதில்ல!

ஏன்னா, பி 0335-க்கு விளக்கம் ‘கிராங்க் பொசிஷன் சென்சார் சர்க்யூட்’. ‘சர்க்யூட்’ங்கிற வார்த்தையைப் படிக்காம, அதுக்கு முன்னாடி இருக்கிற ‘சென்சார்’ங்கிற வார்த்தையோடவே நிறுத்திக்கிறாங்க. கோட் ஒரு பொருளைக் குற்றம் சொல்லல. சென்சார், வயர், சாக்கெட், எர்த், ஈசியூ வரைக்கும் போற அந்தத் தெருவுல எங்கேயோ தப்பு நடந்திருக்குன்னு சொல்லுது. தெருப் பேரைச் சொன்னா முதல் வீட்டுக்காரனைப் பிடிச்சு உள்ளே போடுறதா?

கிராங்க் சென்சார் என்ன பண்ணுது? ஃப்ளைவீல் பக்கமோ முன்பக்கப் புல்லி பக்கமோ ஒரு பல் சக்கரம் சுத்தும். நிறைய இன்ஜின்கள்ல 60 பல்லுக்கு இடம் விட்டு, அதுல 2 பல்லை வேணும்னே வெட்டியிருப்பாங்க. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. பல் கடக்கும்போது எல்லாம் சென்சார் ஒரு துடிப்பு அனுப்பும். அந்த ரெண்டு பல் இடைவெளி வந்தா, ‘ஓ, ஒரு சுத்து முடிஞ்சது’ன்னு ஈசியூ புரிஞ்சுக்கும். எப்போ டீசல் தெளிக்கணும்னு தெரியுறது இந்தக் கணக்கை வெச்சுத்தான். துடிப்பு நின்னா, ஈசியூவைப் பொறுத்தவரைக்கும் இன்ஜின் சுத்தவே இல்ல. சுத்தாத இன்ஜினுக்கு யாராவது டீசல் கொடுப்பாங்களா? நிறுத்திரும். திணறாம நின்னதுக்குக் காரணம் அதுதான்.

என்கிட்ட போன்ல புளூடூத்ல பேசுற ஒரு சின்ன ஓபிடி கருவி இருந்தது. அண்ணன் ஐடியா கேட்டார், நான் ஸ்கிரீனைப் பிடிச்சேன். வண்டியை ஐடிலிங்ல விட்டு, அவர் கீழே படுத்து வயர் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டிக்கிட்டே வந்தார். கியர்பாக்ஸ் மேல வளைஞ்சு போற இடத்தைத் தொட்டதும் ஆர்பிஎம் எண் ஒரு கணம் செத்துது, இன்ஜின் நின்னுது. டேப்பைப் பிரிச்சுப் பார்த்தா, இரும்பு கிளாம்ப் ஒண்ணு வயரோட தோலை உரசி உரசித் தாமிரத்தைத் தொட்டிருக்கு. அந்தக் கட்டுல கிராங்க் சென்சார் வயரோட ஃபோர் வீல் சுவிட்ச் வயரும் சேர்ந்துதான் போகுது.

ஏத்தத்துல மட்டும் ஏன்? இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு. லோடோட ஏறும்போது அது ஒரு பக்கமா முறுக்கிக்கும். அந்தக் கொஞ்ச அசைவுல தாமிரம் கிளாம்பைத் தொட்டு எர்த் ஆகும். சமதளத்துல எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் பிரச்னை வராது. டவுன் ரோட்டுல டெஸ்ட் டிரைவ் பண்ணவங்களுக்கு வண்டி ‘ஓகே’வா தெரிஞ்சது அதனாலதான். வயரை வெட்டி, பத்த வெச்சு, ஸ்லீவ் போட்டு, கிளாம்புக்கு நடுவுல பழைய டியூப் ரப்பரை வெச்சுக் கட்டினார். செலவைச் சொன்னா டவுன் ஒர்க்ஷாப்காரர் அழுவார்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருமா விளையாட்டா செஞ்ச சோதனைகளை நீங்களும் செஞ்சு பார்க்கலாம். காலையில, வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ‘ஆன்’ல வெச்சுப் பாருங்க. கூலன்ட் வெப்பமும் உள்ளே இழுக்கிற காத்தோட வெப்பமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டணும். ரெண்டுமே வெளிக்குளிருக்கு வந்துட்டதால. கூலன்ட் சென்சார் ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற மின்தடை குறையும். பாஷ் வகை ஒண்ணுல 20 டிகிரியில ஏறக்குறைய 2,500 ஓம், 80 டிகிரியில 320 ஓம் பக்கம். வயர் அறுந்தா தடை முடிவில்லாம ஆகும், ஈசியூ அதைக் ‘கடும் குளிர்’னு எடுத்துக்கிட்டு மைனஸ் 40 காட்டும். பெரும்பாறை குளிரும்தான், அதுக்காக சைபீரியா இல்ல பாஸ்!

இன்னொண்ணு காத்தழுத்தம். கடல் மட்டத்துல 101 கிலோபாஸ்கல். ஆயிரம் மீட்டர்ல 90 பக்கம், 2,100 மீட்டர்ல இருக்கிற கொடைக்கானல்ல 79 பக்கம். இன்ஜின் ஓடாதப்போ மேனிஃபோல்டு அழுத்தமும் வெளிக்காத்தழுத்தமும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு எண்ணும் சண்டை போட்டா அதுல ஒருத்தர் பொய்யர். எங்க ஜீப்புல ரெண்டும் ஒத்துப்போச்சு. அண்ணன் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துட்டு, “இந்தப் பெட்டிக்கு நம்ம எந்த மலையில நிக்கிறோம்னு தெரியுதா?”ன்னார். தெரியும். டர்போவையும் டீசலையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தவும் தெரியும்.

ஆக்சிலரேட்டர் பெடலை மட்டும் இவங்க வேற மாதிரி செஞ்சிருக்காங்க. பெடலுக்குள்ள ரெண்டு சென்சார், ரெண்டும் வேற வேற வோல்டேஜ். ஒண்ணு சொல்றதை இன்னொண்ணோட ஈசியூ ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும், ஒத்துப்போகலைன்னா பவரைக் குறைச்சிரும். ஒரே சாட்சியை நம்பக்கூடாதுன்னு பெடலுக்குத் தெரிஞ்சவங்க, ஃபோர் வீல் லைட்டுக்கு மட்டும் பல வண்டிகள்ல ஒரே உருண்டையோட நிறுத்திட்டாங்க. அது எனக்கு நியாயமாப் படல. ‘ஃபோர் லோ’ போட்டா வேகம் ரெண்டு, ரெண்டே முக்கால் மடங்கு வரை குறைஞ்சு, அதே அளவு இழுவை கூடும். பல புது வண்டிகள்ல அந்த சுவிட்சை நம்பித்தான் வழுக்கல் தடுப்பு சிஸ்டம் தன்னையே ஆஃப் பண்ணிக்குது. அவ்வளவு பொறுப்பு இருக்கிற சுவிட்ச் அது.

ஒரு விஷயத்துல மட்டும் மாமாவும் நானும் இன்னும் சண்டைதான். கிளட்சை மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகணும்னு பெடல்ல ஒரு சுவிட்ச் இருக்கு. ஏத்தத்துல நின்னுபோன அன்னைக்கு, ஸ்டார்ட் பண்ணக் கிளட்சை மிதிச்சா, பிடிச்சு வெச்சிருந்த இன்ஜின் விட்டுரும். அதனால அந்த சுவிட்சுக்கு ஒரு வயர் போட்டு நிரந்தரமா ஏமாத்திரணும்கிறது மாமா கட்சி. மலையில வண்டியைக் கியர்லதான் நிறுத்துறோம், வீட்டு வாசல்ல அவரோட அஞ்சு வயசு மகன் சாவியைத் திருப்பினா வண்டி நேரா திண்ணைக்குப் போகும்கிறது என் கட்சி. அவர் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல. டொயோட்டாவோட சில மேனுவல் ஃபோர் வீல் வண்டிகள்ல இதுக்குன்னே டாஷ்போர்டுல ஒரு பட்டன் கொடுத்திருந்தாங்க. அழுத்தினா கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகும். சாவியை ஆஃப் பண்ணா தானா பழைய நிலைக்கு வந்துரும். வயரை வெட்டி ஒட்டுறதுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை மாமாவுக்குச் சொன்னேன். “அப்போ அந்த பட்டனை நீயே செஞ்சு குடு”ன்னுட்டார். இந்த செமஸ்டர் மினி புராஜெக்ட் என்னன்னு கேக்குறவங்களுக்கு பதில் கிடைச்சிருச்சு.

ஊரை விட்டு வரும்போது ஓபிடி கருவியை மெக்கானிக் அண்ணன்கிட்டயே கொடுத்துட்டு வந்தேன். கூடவே அடிக்கடி வர்ற கோட் நம்பரை எல்லாம் தமிழ்ல ஒரு அட்டையில எழுதி, கடைச் சுவர்ல ஒட்டியாச்சு. ‘சர்க்யூட்’னு வர்ற இடத்துல எல்லாம் ‘போற பாதை முழுக்க’ன்னு எழுதச் சொன்னது அவர்தான்.

நடந்தே போன அந்த அக்கா பொங்கல் முடிஞ்சு திரும்ப ஜீப்புல ஏற ஆரம்பிச்சுட்டாங்களாம், ஆனா இறங்க வசதியாக் கடைசி சீட்லதான் உட்கார்றாங்களாம். மாமா வண்டியை விக்கிறதைப் பத்தி இப்போதைக்குப் பேசுறதில்ல.

போன வாரம் அண்ணன் போன் பண்ணார். வேற ஒரு ஜீப், பி 0500, ஸ்பீடு சென்சார். “சென்சாரைத் தொடவே இல்ல தம்பி. வயரைப் புடிச்சுக்கிட்டே போனேன். எலி!”